நோட்டில் ஒரு அடித்தல்கூட இல்லை

போன டெர்மில் ஒரு புதன்கிழமை சாயங்காலம். மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தால், டைனிங் டேபிளில் ஒரு தேர்வுத் தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் கவிழ்த்து வைத்த தாளுக்கு ஒரே அர்த்தம்தான். திருப்பிப் பார்த்தேன். கணக்கு. 30-க்கு 11.

மகள் ஏழாம் வகுப்பு. மார்க் குறைவு என்பதுகூடப் பரவாயில்லை. என்னைக் குழப்பியது வேறு விஷயம். அந்தப் பாடத்துக்கான ஹோம்வொர்க்கை வாராவாரம் நான்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சமன்பாடுகள். நான்கு வாரம், அத்தனையும் சரி. ஹோம்வொர்க்கில் எல்லாம் சரியாகப் போட்ட பிள்ளை தேர்வில் எப்படிப் பாதிகூட எடுக்காமல் வரும்?

நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: நான்கு வாரக் கணக்கில் ஒரு அடித்தல், ஒரு திருத்தல், ரப்பர் வைத்து அழித்த தடம் எதுவுமே இல்லை. கற்றுக்கொள்கிற ஒரு பிள்ளையின் நோட்டு அப்படி இருக்காது. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துப் பார்ப்பது என் தினசரி வேலை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோடை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். அதே மணம் இங்கேயும் அடித்தது.

"2(எக்ஸ் – 3) = 10. இதுல இந்த 6 ஏன் அந்தப் பக்கம் போனதும் ப்ளஸ் ஆச்சு?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் மாறும்."

"சரி, இதை விடு. ஒரு நம்பர்ல இருந்து 3 கழிச்சு, வந்ததை ரெண்டு மடங்காக்கினா 10. அந்த நம்பர் என்ன?"

பத்து நொடி யோசித்தாள். பிறகு கை தானாகப் போனை நோக்கிப் போனது. இரண்டும் ஒரே கணக்குதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேமராவைக் கணக்கின் மேல் காட்டினால் படிப்படியாக விடை தருகிற ஆப். வகுப்பில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்களாம். நான் கோபப்பட்டேன். "இது காப்பி அடிக்கிறது மாதிரிதான்" என்றேன். அவள் அழவில்லை. நேராகப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க டெய்லி ஏ.ஐ. வெச்சுத்தானே கோட் எழுதுறீங்க அப்பா? உங்களுக்கு மட்டும் அது ஒர்க். எனக்கு மட்டும் காப்பியா?"

அன்று நான் சொன்ன பதில்: "நான் படிச்சு முடிச்சவன்." சொல்லும்போதே தெரிந்தது, அது பதில் இல்லை என்று.

தாத்தாவின் லாக் புக்

என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். 70-களில் திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர். அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவரிடம் புலம்பினேன். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லை, எல்லாத்தையும் மனசாலயே போட்டீங்க."

அவர் சிரித்தார். "யாரு சொன்னா? கிளார்க்ஸ் டேபிள் இல்லாம ஒரு கணக்கும் போட மாட்டோம். பரீட்சை ஹாலுக்கே அது வரும்."

லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைத்தான் சொல்கிறார். தமிழ்நாட்டில் படித்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், லாக் புக் கதை ஒன்றாவது இருக்கும். பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமானால் இரண்டுக்கும் லாக் பார்த்துக் கூட்டி, ஆன்டிலாக் பார்த்து விடையைத் திரும்ப எடுக்க வேண்டும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருகிற கருவி அது. அதுவும் தொழில்நுட்பம்தான், காகிதத்தில் அச்சடித்த தொழில்நுட்பம்.

ஆனால் அப்பா அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. லாக் டேபிள் முழு விடையைத் தராது. அதில் 3-க்கும் 30-க்கும் 300-க்கும் ஒரே எண்தான் இருக்கும்: 4771. 3 என்றால் 0.4771, 30 என்றால் 1.4771, 300 என்றால் 2.4771. புள்ளிக்குப் பின்னால் வருவதை, அதாவது மாண்டிசாவை, டேபிள் சொல்லும். புள்ளிக்கு முன்னால் வருவதை, அதாவது கேரக்டரிஸ்டிக்கை, நீங்கள்தான் போட வேண்டும். அதைப் போட எண்ணின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பத்துகளில் இருக்கிறோமா, நூறுகளில் இருக்கிறோமா என்ற உணர்வு இல்லாமல் லாக் புக்கைத் திறந்து பிரயோஜனமே இல்லை.

"டேபிள் கூலிக்காரன் மாதிரி. மேஸ்திரி வேலை நம்மதுதான்" என்றார் அப்பா.

எந்தக் கருவி எதை எடுத்துக்கொள்கிறது?

இதை வைத்து யோசித்தபோது கேள்வியே மாறிவிட்டது. டெக்னாலஜி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் சண்டைதான் வரும். இந்தக் கருவி பிள்ளையிடமிருந்து எந்த வேலையை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது.

லாக் டேபிள் பெருக்குகிற சிரமத்தை எடுத்துக்கொண்டது. விடையின் அளவை யோசிப்பதை நம்மிடமே விட்டது.

கால்குலேட்டர் அந்த அளவையும் எடுத்துக்கொண்டது. என் மகளின் பழைய ஒர்க்‌ஷீட் ஒன்றில் ஒரு கணக்கு: 80 டாலர் சட்டைக்கு 15% தள்ளுபடி, என்ன விலை? 80-ஐ 0.15-ஆல் வகுத்து 533.33 டாலர் என்று எழுதியிருந்தாள். தள்ளுபடிக்குப் பிறகு சட்டை விலை ஆறு மடங்குக்கு மேல் ஏறியது அவளுக்கு உறுத்தவே இல்லை. சரியான விடை 68. லாக் புக் பிள்ளைக்கு இந்தத் தப்பு சட்டென்று உறுத்தியிருக்கும்.

கேமரா ஆப் அடுத்த படியையும் எடுத்துக்கொண்டது. ஃபோட்டோமேத் 2014-ல் குரோவேஷியாவிலிருந்து வந்தது, பிறகு கூகுள் வாங்கியது. இந்த வகை ஆப்கள் எந்த வழியில் போவது, எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி என்பதையும் தாங்களே செய்துவிடும். பிள்ளைக்கு மிஞ்சுவது கையெழுத்து மட்டும்.

சாட்ஜிபிடி மாதிரியானவை கடைசியாக இருந்ததையும் எடுத்துக்கொண்டன. ஒரு வாக்கியக் கணக்கைப் படித்து, இதில் என்ன தெரியும், என்ன தெரியாது, எதைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் வேலை அது. என் அனுபவத்தில் நம்ம பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

இதில் எதுவுமே தன்னளவில் தப்பில்லை. ஒரு பிள்ளை வேகம், தூரம், நேரம் கணக்குகளைப் படிக்கும் வாரத்தில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளட்டும். அங்கே கற்க வேண்டியது வகுத்தல் இல்லை. ஆனால் வகுத்தலையே படிக்கும் வாரத்தில் அதே கால்குலேட்டர் ஹோம்வொர்க்கைக் காலி செய்துவிடும். இந்த வாரம் பிள்ளை கற்க வேண்டிய வேலை எதுவோ, அதைக் கருவி செய்யக் கூடாது. மற்றதைச் செய்யட்டும்.

இதில்தான் மகளின் கேள்விக்கும் பதில் இருந்தது. ஆபீஸில் என்னிடம் கேட்கப்படுவது ஓடுகிற ஒரு புரோகிராம். அதை யார் எழுதினாலும் அது பயன்படும். ஹோம்வொர்க் அப்படியில்லை. 2(எக்ஸ் – 3) = 10 என்பதன் விடை 8 என்று டீச்சருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த 8 யாருக்கும் தேவையில்லை. அதைத் தேடிப் போகும்போது பிள்ளையின் மண்டைக்குள் நடப்பது மட்டும்தான் தேவை.

என் கதையையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். ஊழியர்களின் ஷிஃப்ட் நேரத்தைக் கணக்கிடும் ஒரு பகுதியை ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிட்டேன். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்று அது எடுத்துக்கொண்டிருந்தது. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு, டேலைட் சேவிங் தொடங்கும் நாள், 23 மணி நேரம்தான். கூட வேலை செய்பவர் ஒருவர் கண்டுபிடித்தார். எனக்கு விஷயம் தெரியும் என்பதால் பத்து நிமிடத்தில் சரி செய்தேன். தெரியாமலே இருந்திருந்தால், தப்பு எங்கே என்றே பார்த்திருக்க முடியாது. "அப்ப நீங்களும் காப்பிதான் அடிச்சீங்க" என்றாள். அன்றைக்கு ஆமாம், அடித்தேன்.

துருக்கியில் பார்த்த உண்மை

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1000 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2024-ல் வெளிவந்து பேசப்பட்ட ஆய்வு. ஒரு குழுவுக்கு ஏ.ஐ. கிடையாது. இன்னொரு குழுவுக்குச் சாட்ஜிபிடி மாதிரியான சாதாரண ஏ.ஐ. மூன்றாவது குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைக்கப்பட்ட ஏ.ஐ.

பயிற்சிக் கணக்குகளில், ஏ.ஐ. இல்லாதவர்களைவிடச் சாதாரண ஏ.ஐ. குழு 48% கூடுதலாக எடுத்தது. குறிப்பு தரும் ஏ.ஐ. குழு 127% கூடுதல். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புத்தகம் மூடித் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏ.ஐ. வைத்துப் பழகியவர்கள், எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17% குறைவாக எடுத்தார்கள். குறிப்பு தரும் ஏ.ஐ. குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இன்னொன்று: பின்தங்கிய அந்தப் பிள்ளைகள் தாங்கள் பின்தங்கியதை உணரவே இல்லை.

ஹோம்வொர்க்கில் எல்லாம் சரி, தேர்வில் 11. எங்கள் டைனிங் டேபிளில் நடந்ததும் அதுதான்.

நம்ம ஊர் கல்வித் துறையும் இந்தப் பாதையில்தான் வந்திருக்கிறது. 2023 தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் சாட்ஜிபிடியைத் தடுத்தார்கள். பிறகு துறையே என்.எஸ்.டபிள்யூ. எடுசாட் என்று ஒன்றை உருவாக்கி, சில பள்ளிகளில் சோதித்து, 2025-ன் நான்காம் டெர்மிலிருந்து ஐந்தாம் வகுப்பு முதல் எல்லா அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அது விடையை நேரடியாகக் கொடுக்காமல் திருப்பிக் கேள்வி கேட்கும்படி வடிவமைக்கப்பட்டது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் முதலில் அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பாருங்கள்.

தடை போட ஏன் மனசு வரவில்லை

போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் முடிந்தது என்று மனைவி சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணம் என் பழைய கதை.

நாங்கள் சிட்னிக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வந்த புதிதில் அவருக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட். நான் பள்ளியிலிருந்து வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஆங்கிலக் கணக்குப் புத்தகம் பிடிபடவில்லை. கோச்சிங் வகுப்புக்குப் பணமும் இல்லை. ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், காலையில் டீச்சரைப் பார்க்கும் வரை. அந்த வயதில் ராத்திரி எட்டு மணிக்கு, "எதுவரைக்கும் வந்தே? அடுத்து என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று பொறுமையாகக் கேட்கிற ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இன்றும் நம்ம சமூகத்தில் இரண்டு பேரும் ஷிஃப்ட் பார்க்கிற வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகளிடம் போய், இதைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது?

ஆப் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. தேர்வுக்கு அப்புறம் தாத்தா பேத்திக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். முதல் பாடம்: "பக்கம் மாறினா குறி மாறும், ஞாபகம் வெச்சுக்கோ." ஏன் மாறும் என்று சொல்லவில்லை. ஆப் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், தமிழில்! நானும் அவசரத்தில் பென்சிலை வாங்கி அவளுக்குப் பதிலாக எத்தனை முறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை யோசிக்க வேண்டிய இடத்தில் நாம் யோசித்தால், நாமும் அந்த ஆப் தான்.

இரண்டு பேப்பர் முறை

எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது மெல்பர்னிலிருந்து. அங்கே இருக்கும் என் கசின் சொன்னது. வி.சி.இ. மேத்தமேட்டிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் இரண்டு தேர்வுகள். முதலாவது ஒரு மணி நேரம், கால்குலேட்டர் உட்பட எதுவும் கிடையாது. இரண்டாவது இரண்டு மணி நேரம், சமன்பாட்டையே தீர்க்கிற சி.ஏ.எஸ். கால்குலேட்டர் கையில். நம்ம பிள்ளைகள் எழுதும் நாப்லானிலும் இதே யோசனை உண்டு. 3, 5-ம் வகுப்புகளுக்குக் கால்குலேட்டரே இல்லை. 7, 9-ம் வகுப்புகளுக்கு அது இல்லாத ஒரு சிறு பகுதியும், இருக்கும் பகுதியும் உண்டு. செலக்டிவ் தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதினாலும் கால்குலேட்டர் கிடையாது.

அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் பேப்பர்: 25 நிமிடம், போன் சமையலறை டிராயரில். நோட்டும் பென்சிலும் மட்டும். தெரிந்ததைப் போட வேண்டும், மாட்டிய இடத்தில் வட்டம் போட வேண்டும். தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். ஏனென்றால் அந்தத் தப்பு அடுத்த கட்டத்துக்கு வேண்டும்.

இரண்டாம் பேப்பர்: லேப்டாப் வரலாம், டைனிங் டேபிளுக்கு மட்டும், பெட்ரூமுக்கு இல்லை. வட்டம் போட்ட கணக்குக்குத் தான் செய்த வரை டைப் செய்துவிட்டு, "எந்த வரியில் தப்பு?" என்று கேட்கலாம். விடையைக் கேட்கக் கூடாது. மற்ற கணக்குகளின் விடையைச் சரிபார்க்கலாம். ஏ.ஐ.யும் தப்புச் சொல்லும் என்பதால், வந்த எண்ணைச் சமன்பாட்டில் வைத்து அவளே பார்க்க வேண்டும்.

மறுநாள்: வட்டம் போட்ட கணக்கில் ஒன்றை, எண்களை மாற்றி, வாயால் விளக்கச் சொல்வது. நான் காரில் கேட்பேன், நான் இல்லாவிட்டால் தாத்தா கேட்பார். ஐந்து நிமிடம்தான்.

கால்குலேட்டருக்கு ஒரே விதி. பட்டனைத் தட்டுமுன், "சுமாரா எவ்வளவு வரும்?" என்பதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இது தாத்தாவின் லாக் புக் விதி. வாரக் கடைசியில் காய்கறி வாங்கப் போகும்போது மொத்த பில்லை ஊகிக்கிற போட்டியாக அவர் அதை மாற்றிவிட்டார். இதுவரை அவர்தான் ஜெயிக்கிறார்.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம், மகள் ஒரே கணக்குக்கு ஆறு தடவை "இன்னொரு ஹின்ட்" என்று கேட்டுக் கேட்டு முழு விடையையும் கறந்துவிட்டாள். கெட்டிக்காரத்தனம்தான்! அப்புறம் ஒரு கணக்குக்கு ஒரு ஹின்ட் என்று சுருக்கினோம். நான் லேட்டாக வரும் நாட்களில் விதி தளர்ந்துவிடுகிறது. சில நாள் நேரம் ஆகிவிட்டால் ஹோம்வொர்க்கை முடிக்காமலே அனுப்புகிறோம், "இந்த இடத்தில் புரியவில்லை" என்று அவளே எழுதி. முதல் முறை அதற்கு எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. முடிக்காத ஹோம்வொர்க்கோடு பிள்ளையை அனுப்புவதா? ஆனால் எல்லாம் சரியாக இருந்த அந்த நான்கு வாரமும், என் மகளுக்கு எது தெரியாது என்பதை டீச்சரிடமிருந்து மறைத்தது அந்தச் சுத்தமான நோட்டுதான். கீழே கையெழுத்துப் போட்டது நான்.

அடுத்த தேர்வில் 30-க்கு 19 வந்தது. சொல்லிக்கொள்ளும்படியான மார்க் இல்லை. கணக்குப் பிடித்துவிட்டது என்றும் அவள் சொல்லவில்லை. ஆனால் தாளைக் கவிழ்த்து வைக்காமல் நேராகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழாவது கணக்கில் எங்கே தடம் மாறினாள் என்று தானே காட்டினாள்.

நீங்களும் இன்று ராத்திரி உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். டிக் மார்க்கை எண்ண வேண்டாம். எத்தனை அடித்தல் இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒரு கணக்கைத் தொட்டு, "இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து எப்படிச் சொன்னாலும் சரி. சொல்ல முடிந்தால் எந்த ஆப் வைத்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம். முடியாவிட்டால் திட்ட வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். பென்சில் மட்டும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.